‘அன்று நடந்ததில் எனக்கு நோய் வந்திருக்குமா?’ பால்வினை நோய் அச்சத்தைக் கடக்க முழுமையான வழிகாட்டி

வெளியூரில் ஒரு லாட்ஜ் அறை, ஒரு மசாஜ் நிலையம், எல்லை மீறிப்போன ஒரு பழைய சிநேகிதம். நடந்தது அரை மணி நேரம்தான் இருக்கும். ஆனால் மறுநாள் காலையிலிருந்து பல் துலக்கும்போது நாக்கை நீட்டிப் பார்ப்பதும், குளிக்கும்போது தொடை இடுக்கைத் தடவி நெறி கட்டியிருக்கிறதா என்று தேடுவதும், நள்ளிரவில் போர்வைக்குள் போனில் ‘எச்.ஐ.வி. அறிகுறிகள்’ என்று தட்டுவதுமாக மாதங்கள் ஓடிவிடும். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நாள் கணக்கோடு ஒரு வழி தருவதே இந்தக் கட்டுரையின் வேலை. நடந்தது சரியா தவறா என்ற வழக்கை இங்கே யாரும் விசாரிக்கப் போவதில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ‘நோய் தொற்றியதா?’ என்பது ஒன்று. ‘இப்படிச் செய்துவிட்டேனே’ என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆய்வகத்தில் பதில் உண்டு, அதுவும் அதற்குரிய நாள் வந்தபிறகுதான். இரண்டாவதை எத்தனை முறை ரத்தம் கொடுத்தாலும் ஆய்வகம் தீர்க்காது. பத்து நெகட்டிவ் ரிப்போர்ட் கையில் இருந்தும் தூங்க முடியாதவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியைத்தான் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

படி 1: நடந்ததை ஒரே ஒரு முறை எழுதுங்கள்

ஒரு தாளில் தேதியையும் ஏறக்குறைய மணியையும் எழுதுங்கள். எந்த வகை உறவு, ஆணுறை இருந்ததா, இருந்தால் கடைசிவரை கிழியாமல் இருந்ததா, புண் அல்லது ரத்தம் தெரிந்ததா. இவ்வளவு போதும். பிறகு மடித்து வையுங்கள். மனம் ஒவ்வொரு இரவும் அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்து, ‘ஆணுறை கொஞ்சம் நழுவியிருக்குமோ’ என்று புதிய விவரம் சேர்க்கும். முதல் நாள் எழுதியதையே நம்புங்கள். ஆணுறை கிழிந்தால் நன்றாகவே கிழியும், பார்த்தாலே தெரியும்.

இனி எழுதியதை எடைபோடலாம். முத்தம், கட்டிப்பிடித்தல், கையால் தூண்டுதல், உடைமேல் உரசல், ஒரே துண்டு அல்லது கழிப்பறையைப் பயன்படுத்துதல் ஆகியவற்றால் எச்.ஐ.வி. பரவாது. இவற்றில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையே தேவையில்லை. முழுக்க ஆணுறையோடு நடந்த உறவில் எச்.ஐ.வி., வெட்டை நோய் (கொனோரியா), கிளமிடியா மூன்றுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆணுறை மூடாத தோலின் வழியாக சிஃபிலிஸ், ஹெர்பிஸ், மரு ஆகியவை வரக்கூடும். வாய்வழி உறவில் எச்.ஐ.வி. ஆபத்து ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஆனால் வெட்டை நோயும் சிஃபிலிஸும் அந்த வழியாகவும் பரவும்.

ஆணுறை இல்லாத உறவுக்கு எண் சொல்கிறோம். எதிரில் இருப்பவருக்கு எச்.ஐ.வி. இருந்து, அவர் மருந்து எடுக்காமலும் இருந்தால், ஒரு முறை பெண்ணுறுப்பு வழி உறவில் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு சராசரியாக 10,000-க்கு 4. பெண்ணுக்கு 10,000-க்கு 8. ஆசனவாய் உறவில் உள்வாங்குபவருக்கு 10,000-க்கு 138, மற்றவருக்கு 11. எதிரில் இருந்தவரின் நிலை தெரியாது என்றால், அவரைப் போன்றவர்களில் 100-க்கு 2 பேருக்குத் தொற்று இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆணுறை இல்லாமல் பெண்ணோடு ஒரு முறை உறவுகொண்ட ஆணுக்கு வாய்ப்பு ஏறக்குறைய 1,25,000-க்கு 1. இது சராசரிதான். புண் இருந்தாலோ, எதிரில் இருந்தவருக்குப் புதிதாகத் தொற்றியிருந்தாலோ கூடும். அவர் எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தால், உறவின் மூலம் தொற்றாது.

நடந்தது உங்கள் சம்மதம் இல்லாமல் என்றால் இந்தக் கணக்கெல்லாம் அப்புறம். நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிகிச்சை இலவசம். பெண்களுக்கான உதவி எண் 181.

படி 2: முதல் 72 மணி நேரம்

இந்தக் கட்டுரையில் நேரத்தோடு ஓட வேண்டிய பகுதி இது ஒன்றுதான். தொற்றுக்கு உண்மையான வாய்ப்பு இருந்த உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்கினால் எச்.ஐ.வி. உடலில் நிலைகொள்வதைப் பெருமளவு தடுக்கலாம். மருத்துவர்கள் இதை ‘பெப்’ என்பார்கள். முதல் மாத்திரை எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது. 70-வது மணி நேரம்வரை யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். 72 தாண்டிவிட்டால் இதனால் பலன் இல்லை, படி 3-க்குப் போய்விடுங்கள்.

ஆணுறை இல்லாத ஆசனவாய் உறவு, எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தும் மருந்து எடுக்காத ஒருவருடன் உறவு, இந்த இரண்டிலும் தயங்காமல் கேளுங்கள். நிலை தெரியாத ஒருவருடன் ஆணுறை இல்லாமல் உறவு என்றால் மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். ஆணுறை கிழியாமல் இருந்திருந்தால் தேவையில்லை.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள். அது மூடியிருக்கும் நேரம் என்றால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அரசு மையங்களில் இந்த மருந்து பெரும்பாலும் ஊசி குத்திக்கொண்ட மருத்துவ ஊழியர்களையும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களையும் மனத்தில் வைத்துத் தரப்படுகிறது. அங்கே கிடைக்கவில்லை என்றால் அன்றே ஒரு தனியார் தொற்றுநோய் மருத்துவரையோ பொது மருத்துவரையோ பாருங்கள். இங்கே வழக்கமாகத் தருவது டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. தினம் ஒன்று, 28 நாள்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் சில. பத்தாவது நாளில் தைரியம் வந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். 28 நாளும் எடுத்தால்தான் எடுத்ததற்குப் பொருள். இரும்புச்சத்து, கால்சியம், துத்தநாகம், ஜெலுசில் போன்ற வயிற்று மருந்துகள் டோலுடெக்ராவிரை உடல் ஏற்காமல் செய்துவிடும். அவற்றை எடுப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, எடுத்து 6 மணி நேரம் கழித்தோ மாத்திரையைப் போடுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அளவைக் கட்டுப்படுத்துவார்கள். தொடங்கும்போதே எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றும் பார்ப்பார்கள். ரிசல்ட் வரட்டும் என்று முதல் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் வாரம் குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு வரலாம். அவை மருந்தின் பக்கவிளைவு. ‘அறிகுறி வந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதே நாட்களில் இன்னும் இரண்டு வேலை. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போடாதவர்கள் உடனே முதல் ஊசி போட்டு, 1-வது, 6-வது மாதங்களில் மற்ற இரண்டையும் முடியுங்கள். நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அட்டவணையில் இது 2011-ல்தான் சேர்ந்தது, ஆகவே பெரியவர்கள் பலருக்குப் போட்டிருக்காது. கர்ப்ப பயம் உள்ள பெண்கள் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் எடுக்கலாம். மருந்துக்கடையில் இல்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். 5 நாட்களுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொள்வதும் ஒரு வழி.

டெட்டால் ஊற்றிக் கழுவுவது, எலுமிச்சை தேய்ப்பது, மருந்துக்கடையில் ‘ஒரு ஆன்டிபயாட்டிக் கொடுங்க’ என்று வாங்கி விழுங்குவது, இவை வேண்டவே வேண்டாம். டெட்டால் தோலைப் பொசுக்கும், அந்த எரிச்சலையே நோய் என்று நினைப்பீர்கள். அரைகுறை ஆன்டிபயாட்டிக், அடையாளத்தை மறைத்துப் பரிசோதனையையும் குழப்பும்.

படி 3: எந்த நோய்க்கு எந்த நாள்

தொற்று உடலில் நுழைந்ததும் பரிசோதனையில் தெரியாது. தெரிவதற்கு இடைப்பட்ட காலத்தில் வரும் நெகட்டிவ் முடிவு, முடிவே ஆகாது. மூன்றாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள் என்று ரத்தம் கொடுப்பவர்கள் பணத்தையும் கொடுத்துப் பயத்தையும் வளர்க்கிறார்கள். முதல் நாள் எடுக்கும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஒரே ஒரு பயன்தான்: அதற்கு முன்பே தொற்று இருந்ததா என்று காட்டும்.

வெட்டை நோயும் கிளமிடியாவும் 14-வது நாள். ஆண்களுக்குச் சிறுநீர் போதும். 1 முதல் 2 மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வரும் 20 முதல் 30 மி.லி. மட்டும் பிடியுங்கள். நடுவில் வரும் சிறுநீரைக் கொடுத்தால் கிருமி தப்பிவிடும். பெண்களுக்குப் பெண்ணுறுப்பிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுப்பார்கள். கேட்க வேண்டியது ‘நாட்’ அல்லது பி.சி.ஆர். முறை. சாதாரண யூரின் கல்ச்சரில் இவை பிடிபடாது. வாய்வழி, ஆசனவாய் உறவு இருந்திருந்தால் அந்த இடங்களிலும் எடுக்கச் சொல்லுங்கள். வெட்டை நோய் ஆண்களிடம் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் மஞ்சள் சீழாகவே காட்டிக்கொடுத்துவிடும். கிளமிடியா சத்தம் போடாது. பெண்களிடம் அடையாளமே இல்லாமல் இருந்து கருக்குழாயைக் கெடுக்கும் என்பதால் அவர்கள் இதைத் தவிர்க்கக் கூடாது.

சிஃபிலிஸ் 6-வது வாரம், 12-வது வாரம். 10 முதல் 90 நாட்களுக்குள், பெரும்பாலும் 3 வாரத்தில், வலியே இல்லாத ஒரு புண் வரும். வலிக்காததால் பலர் விட்டுவிடுவார்கள். அது தானே ஆறும், ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். புண் தெரிந்தால் நாள் எண்ணாமல் அன்றே காட்டுங்கள். ஆரம்ப நிலையில் 24 லட்சம் யூனிட் பென்சாதைன் பென்சிலின், ஒரே முறை இடுப்பில் ஊசி. அவ்வளவுதான் சிகிச்சை.

எச்.ஐ.வி. பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை, வைரஸின் பி24 என்ற புரதத்தையும் அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும். 4 வாரத்தில் வரும் நெகட்டிவ் மிக நல்ல செய்தி. 45 நாள் முடிந்தபின் வரும் நெகட்டிவ் இறுதியானது. விரல் நுனியில் குத்திச் செய்யும் உடனடிப் பரிசோதனை எதிர்ப்பொருளை மட்டும் தேடுவதால் அதற்கு 90 நாள். பெப் எடுத்தவர்களுக்கு மருந்து எதிர்ப்பொருள் உருவாவதைத் தள்ளிப்போடலாம். அதனால் பொதுவாக 6-வது வாரமும் 12-வது வாரமும் பார்ப்பார்கள், சில மையங்கள் 6-வது மாதமும் கேட்கும்.

மஞ்சள் காமாலை பி-க்கு 3-வது மாதம் ஒரு முறை. எதிரில் இருந்தவருக்கு அது இருப்பது தெரிந்தால் 6-வது மாதமும்.

ஹெர்பிஸுக்கு ரத்தப் பரிசோதனை செய்யவே வேண்டாம் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. உதட்டுப் புண் தரும் ஹெர்பிஸ் வகை சிறு வயதிலேயே ஏராளமானவர்களுக்கு வந்துபோயிருக்கும், ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருள் பரிசோதனை பாசிட்டிவாகவே காட்டும். ஐ.ஜி.எம். என்ற இன்னொரு எதிர்ப்பொருள் பரிசோதனை நம்பத் தகுந்தது இல்லை. முழு உடல் பேக்கேஜில் இதைச் சேர்த்து வாங்கிவிட்டு மாதக்கணக்கில் உடைந்துபோகிறார்கள். 2 முதல் 12 நாட்களில் வலியுள்ள நீர்க்கொப்புளம் கூட்டமாக வந்தால் அந்தக் கொப்புளத்திலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். மரு உண்டாக்கும் எச்.பி.வி.க்கு ஆண்களுக்கான வழக்கமான பரிசோதனை கிடையாது.

படி 4: எங்கே போவது

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் தெரியவந்தது. அதனாலோ என்னவோ தமிழ்நாட்டில் இதற்கான ஏற்பாடுகள் வேர்விட்டு நிற்கின்றன. அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகையைத் தேடுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் அதற்கு முன்னும் பின்னும் ஆலோசகரின் பேச்சும் இலவசம். பால்வினை நோய்களுக்கு ‘சுக வாழ்வு மையம்’. அங்கே அடையாளத்தைப் பார்த்தே நிறம் பிரித்த மருந்துப் பொட்டலம் கொடுத்து அன்றே சிகிச்சை தொடங்குவார்கள். இடம் தெரியவில்லை என்றால் 1097-க்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை.

உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதையும், முடிவை வெளியே சொல்வதையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆலோசகரிடம் ‘நண்பருக்காகக் கேட்கிறேன்’ என்று சுற்றி வளைக்க வேண்டாம். ‘இந்தத் தேதியில் ஆணுறை இல்லாமல் உறவு, இன்று இத்தனையாவது நாள்’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அவர்கள் தினமும் கேட்பதுதான்.

ரத்தப் பரிசோதனைக்குப் பதிலாக ரத்த தானம் செய்து தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு யோசனை உலவுகிறது. செய்யாதீர்கள். உங்கள் ரத்தம், தொற்று இருந்தும் பரிசோதனையில் தெரியாத இடைக்காலத்தில் இருந்தால் அது ஒரு நோயாளிக்கோ பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கோ ஏறும். லாட்ஜில் முகாம் போடும் ‘பரம்பரை’ வைத்தியர்களிடமும் போகாதீர்கள். அவர்கள் கண்டுபிடிக்கும் நோய் உங்கள் பர்ஸின் கனத்தைப் பொறுத்தது.

படி 5: ரிப்போர்ட்டை வாசிப்பது

தனியார் ஆய்வக ரிப்போர்ட்டில் நெகட்டிவ் அல்லது ‘நான் ரியாக்டிவ்’ என்பதோடு 0.12, 0.31 என்று ஒரு எண் இருக்கும். பக்கத்தில் 1.00-க்குக் கீழ் நெகட்டிவ் என்று அச்சடித்திருக்கும். போன மாதம் 0.12, இந்த மாதம் 0.31, ஏறுகிறதே என்று பதறுகிறவர்கள் மிகப் பலர். அந்த எண் கருவி பிடிக்கும் ஒளியின் அளவு, கிருமியின் அளவு கிடையாது. ஒரே ரத்தத்தை இரண்டு முறை ஓட்டினாலும் மாறும். 1.00-க்குக் கீழே எந்த எண்ணும் நெகட்டிவ்தான்.

எதிர்பாராமல் ‘ரியாக்டிவ்’ வந்தால் அது முடிவு ஆகாது, அடுத்த கட்டத்துக்கான அழைப்பு. எச்.ஐ.வி.யை வெவ்வேறு மூன்று பரிசோதனைகளில் உறுதிசெய்வார்கள். சிஃபிலிஸுக்கு முதலில் செய்யும் வி.டி.ஆர்.எல். பரிசோதனை கர்ப்பம், மலேரியா, சில வைரஸ் காய்ச்சல்களுக்குப் பிறகும் பொய்யாக ரியாக்டிவ் காட்டும். டி.பி.எச்.ஏ. என்ற உறுதிப் பரிசோதனை செய்து பார்த்தபின்தான் சிஃபிலிஸ் என்று சொல்ல வேண்டும். உறுதியாகிவிட்டாலும் வெட்டை, கிளமிடியா, சிஃபிலிஸ் மூன்றும் குணமாகும். எச்.ஐ.வி.க்கு மாத்திரை இலவசம். சீக்கிரம் தொடங்கி ஒழுங்காக எடுப்பவர் மற்றவர்களைப் போலவே நீண்ட ஆயுளோடு வாழலாம், குழந்தை பெறலாம்.

படி 6: உடம்பு காட்டும் பொய்க் குறிகள்

நெறி கட்டியிருக்கிறதா என்று ஒரு நாளில் இருபது முறை அழுத்தினால் அந்த இடம் வலிக்கத்தான் செய்யும். சீழ் வருகிறதா என்று ஆணுறுப்பைப் பிதுக்கிக்கொண்டே இருந்தால் சிறுநீர்க் குழாய் எரிச்சலடைந்து நீர்க்கடுப்பு வரும், துளி நீரும் கசியும். மலம் கழிக்க முக்கும்போது வரும் பிசுபிசுப்பான தெளிந்த திரவம் இயல்பானது, ‘தாது நஷ்டம்’ என்ற நோய் கிடையாது. ஆணுறுப்பின் மொட்டு ஓரத்தில் வரிசையாக இருக்கும் சின்ன முத்துப் பருக்கள் பருவ வயதில் தோன்றும் இயல்பான அமைப்பு. பயத்தில் இருப்பவர் அதை முதன்முறையாக உற்றுப் பார்க்கிறார், அவ்வளவே. சாப்பிடாமல் இருந்து எடை குறைவதும், தூங்காமல் வியர்ப்பதும், பரிசோதனைக்கு முந்தின நாள் வயிற்றுப்போக்கும் பயத்தின் வேலை.

எச்.ஐ.வி. தொற்றிய 2 முதல் 4 வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் சிவப்பு வரும் என்பது உண்மை. சாதாரண வைரஸ் காய்ச்சலும் டெங்குவும் அப்படியேதான் வரும். அறிகுறியை வைத்து எந்த மருத்துவராலும் எச்.ஐ.வி.யை உறுதிசெய்யவோ மறுக்கவோ முடியாது. இதைச் சுவரில் ஒட்டி வைத்தாலும் தகும்.

உடனே காட்ட வேண்டியவை இவை: சீழ், புண், நீர்க்கொப்புளம், விரை வீக்கம், பெண்களுக்கு அடிவயிற்று வலி.

படி 7: காத்திருக்கும் நாட்களும் அதன் பிறகும்

நாட்காட்டியில் மூன்று தேதிகளை வட்டமிடுங்கள்: 14-வது நாள், 45-வது நாள், 12-வது வாரம். இடையில் பரிசோதனை இல்லை. இந்தப் பயம் ஒரு சக்கரமாகச் சுழல்கிறது. பயம் எழும், தேடுவீர்கள் அல்லது தொட்டுப் பார்ப்பீர்கள், பத்து நிமிடம் நிம்மதி, பிறகு ‘ஒருவேளை’ என்று மறுபடி. அந்தப் பத்து நிமிட நிம்மதிதான் சக்கரத்துக்கு எண்ணெய். எனவே தேடுவதைத்தான் குறைக்க வேண்டும், பயத்தோடு வாதாடிப் பயன் இல்லை.

இன்று எத்தனை முறை தொட்டுப் பார்த்தீர்கள், தேடினீர்கள் என்று எண்ணுங்கள். நாற்பது என்றால் நாளை ஒவ்வொரு முறையும் ஆசை எழும்போது 10 நிமிடம் தள்ளிப்போடுங்கள். அந்த 10 நிமிடமும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பிறகு தானாக இறங்கும். அது இறங்குவதை உடம்பு கற்றுக்கொள்வதே சிகிச்சை. நான்கைந்து நாள் கழித்து அரை மணி நேரமாக்குங்கள். கவலைப்படுவதற்கென்றே மாலையில் 20 நிமிடம் ஒதுக்குங்கள், மற்ற நேரத்தில் வரும் எண்ணத்தை ‘மாலை ஆறரைக்கு’ என்று தள்ளுங்கள். படுக்கைக்குப் போனைக் கொண்டுபோகாதீர்கள். எல்லாரிடமும் ‘ஒன்றும் ஆகாதுல்ல?’ என்று கேட்காமல், ஒரே ஒருவரிடம் ஒரு முறை முழுதாகச் சொல்லுங்கள்.

இறுதித் தேதியில் நெகட்டிவ் வந்தும் ‘ஆய்வகம் மாற்றி வைத்துவிட்டதோ’ என்று அடுத்த ஆய்வகம் தேடினால், இப்போது பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர். உடல்நலப் பதற்றம் சிகிச்சையால் குறையும் நோய். எண்ணத்தையும் செயலையும் மாற்றும் பேச்சு சிகிச்சையும், தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்திருந்தாலும் இப்போதே அந்த எண்ணுக்கோ 104-க்கோ கூப்பிடுங்கள். பரிசோதனை நாள்வரை காத்திருக்காதீர்கள்.

மணமானவர்கள் இறுதி ரிப்போர்ட் வரும்வரை மனைவியோடோ கணவரோடோ ஆணுறை இல்லாத உறவைத் தவிர்க்க வேண்டும். தொற்று உறுதியானால் அவருக்கும் சிகிச்சை வேண்டும், எப்படிச் சொல்வது என்பதற்கு நம்பிக்கை மைய ஆலோசகர் கூடவே உட்காருவார். நெகட்டிவ் என்றால் நடந்ததைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் மனச்சாட்சியின் முடிவு. பதற்றம் உச்சத்தில் இருக்கும் ஒரு நள்ளிரவில், பாரத்தை இறக்கிவைக்க மட்டும் அதை எடுக்காதீர்கள்.

ஆறு மாதம் கழித்து ஒரு காய்ச்சல் வரும். பழைய நினைப்பும் கூடவே வரும். அன்று காய்ச்சலுக்கு மருத்துவரைப் பாருங்கள், அவர் சொன்னால் டெங்குவுக்கு ரத்தம் கொடுங்கள். இடையில் புதிதாக எதுவும் நடக்கவில்லை என்றால் எச்.ஐ.வி.க்கு மறுபடி கொடுக்கத் தேவையில்லை.